ஒன்றுக்கு நாற்பத்துமூன்று

பகலில் நான் பல் செய்கிறேன்.
வூப்பர்தாலில், முகமே தெரியாத வாய்களுக்குக்
கடைவாய்ப்பல், வெட்டுப்பல், தொப்பி, பாலம்.
இரவில் அதே துளைகருவியால்
ஒரு பொம்மைக் காரின் அடிவயிற்றில்
இரண்டு ஆணித்தலைகளைச் சுரண்டுகிறேன்.
மேலோடு கழன்று
உள்ளங்கையில் விழுகிறது, இன்னும் சூடாக.

ஓப்பல், ஸ்டேஷன் வாகன். சந்தையில் ஆறு யூரோ.
பெட்டி இல்லை, பக்கக் கண்ணாடி ஒன்று இல்லை,
நிறமும் பிழை. இது சிவப்பு,
எங்களுடையது சாம்பல்.
எங்களுடையது நடிக்கப் போன கார்.

கொலோனிலிருந்து வந்த படக்குழு
வாசலில் அது நின்றதைக் கண்டு மணியடித்தது.
"இவ்வளவு களைத்த கார்
எங்கேயும் கிடைக்கவில்லை" என்றாள் கலைப்பிரிவுப் பெண்.
பாராட்டா என்று விளங்காமல்
கமலரூபன் அவளுக்குக் கோப்பி ஊற்றினார்.
எழுநூறு யூரோ, இரண்டு கையெழுத்து.
பின்னிருக்கையில் கிடந்த குடையை மட்டும்
எடுத்துக்கொண்டோம்.

வேஷம் கட்டினார்கள்:
பொய் இலக்கம், பொய்ச் சேறு,
பொனற்றில் என்றோ எரிந்ததுபோல் கரி.
படத்தில் அது கொலைகாரனின் கார்.
தொங்குரயில் தலைக்குமேல் போகத்
தூணடியில் பதினான்கு வினாடி நிற்கும்.
பிறகு ஆற்றுக்குள்.

எல்பர்ஃபெல்ட் தியேட்டரில்
நாங்கள் இருவரும், ஒரே சோளப்பொரிப் பை.
துப்பறிகிறவள் குனிகிறாள்.
கையுறை போட்ட விரல்
பின்கதவின் நசுங்கலில் நிற்கிறது.
"இங்கேதான் தொடங்கியது" என்கிறாள்.
திரை முழுக்க நசுங்கல்,
எங்கள் குளியலறையைவிடப் பெரிது.

அது வேஷமில்லை.
அது நான்.
மாசி மாதம், பனிக்கட்டி, பின்னோக்கி எடுத்தபோது
தொங்குரயிலின் தூண் ஒன்று.
"கார்ப்பார்க்கில் எவனோ இடிச்சிட்டு ஓடிட்டான்"
என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.
அந்த எவனோவை ஒன்பது வருடம்
இடைக்கிடை திட்டிக்கொண்டிருந்தார் கமலரூபன்.

சிவப்பைக் கழற்ற, ஜாம் போத்தலில் ஒரு இரவு ஊறல்.
சேற்றுக்கு, பல் மெருகிடும் நுரைக்கல் தூள்.
கரிக்குப் பென்சில் சீவல் போதும்.
பின்விளக்குக்கு ஈறு நிற அக்ரிலிக்,
மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு.
தொலைக்காட்சியில் படத்தை நிறுத்தி வைத்தேன்.
நாலு நாளாய் அந்த விரல்
எங்கள் வரவேற்பறையில் நீண்டுகொண்டிருந்தது.
யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நசுங்கலுக்குக் கணக்குப் போட்டேன்.
நாலு சென்ரிமீற்றர் ஆழம்,
நாற்பத்துமூன்றால் வகுத்தால் ஒரு மில்லிமீற்றர்கூட வராது.
ஆனால் வார்ப்பு உலோகம் நசுங்காது,
தட்டினால் உடையும்.
அரைக்கத்தான் வேண்டும்,
சொத்தையைத் தோண்டுவதுபோல்
தொட்டு, எடுத்து, தொட்டு.
நான் ஒரு கணத்தில் செய்ததை
மறுபடி செய்ய மூன்று மாலைகள்.

பிந்திய ஷிப்ட் முடித்து வந்தவர்
மேல்கோட்டும் கழற்றாமல் என் வில்லையை எடுத்தார்.
இலக்கத்தைப் பார்த்தார். கரியைப் பார்த்தார்.
கதவில் நின்றார்.
"பச்சை எங்கை?"
"எந்தப் பச்சை?"
"தூணின்ரை பச்சை. ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருந்தது.
பெற்றோல் துணியாலை துடைச்சும் போகேல்லை."

வில்லைக்குள் அவர் கண் மட்டும்
பெரிதாய், அசையாமல்.

"படத்திலை அது இல்லை," என்றேன்.
"அவங்கள் அழிச்சிட்டாங்கள்.
நான் செய்யிறது படத்திலை வந்த கார்."
"ஓம்," என்றார். "படத்திலை இல்லைத்தான்."
வில்லையைத் துடைத்து வைத்துவிட்டுச்
சோறு சூடாக்கப் போனார்.

ஏழு சென்ரிமீற்றர் இருக்கும்.
வகுத்தால் ஒன்றரை மில்லிமீற்றர், சொச்சம்.
இழுப்பறையின் அடியில் பச்சைப் போத்தல்,
மூடி இறுகிப்போய்.
பல்லால் திறந்தேன்.